வான் சர்வே நிறமாலைகளும் ஆய்வக அளவீடுகளும்: கேள்வி பதில்

முனைவர் பட்ட மாணவர்: விண்மீன்கள், கேலக்ஸிகளின் நிறமாலைகளைப் பெருமளவில் எடுக்கும் ஸ்லோன் சர்வேயில் இருந்து ஒரு விண்மீனின் நிறமாலையை இறக்கினேன். ஹைட்ரஜன் ஆல்ஃபா வரி 6562.8 ஆங்ஸ்ட்ரமில் (ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்க வேண்டியது, 6564.6-இல் நிற்கிறது. கணக்குப் போட்டால் விண்மீன் வினாடிக்கு 83 கி.மீ. வேகத்தில் விலகிப் போகிறது. பட்டியலிலோ வேகம் சுழியத்தை ஒட்டி இருக்கிறது. எது சரி?

பதில்: பட்டியல்தான் சரி. 6562.80 என்பது காற்றில் அளந்த அலைநீளம். ஸ்லோன் தருவது வெற்றிட அலைநீளம். அதில் இதே வரி 6564.61. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.00028. அந்த 0.00028-ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 83-ஐ ஒட்டியே வரும். ஸ்லோன் கோப்பில் ஒரு பிக்சலின் அகலம் வினாடிக்கு 69 கி.மீ. பிழை அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்பதால் படத்தில் பார்த்தால் பிடிபடாது.

இன்னொன்று. பூமியின் ஓட்டத்துக்கான திருத்தம் அந்தக் கோப்பில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. மறுபடி செய்தால் வினாடிக்கு 30 கி.மீ. வரை புதுப் பிழை சேரும். மற்ற விண்மீன் சர்வேக்களில், அபோஜியும் கையா விண்கலத்தின் நிறமாலைமானியும் வெற்றிட அலைநீளம் தருகின்றன, காலா சர்வே காற்று. ஆய்வக வரிகளைத் தொகுத்துத் தரும் அமெரிக்காவின் நிஸ்ட் தரவுத்தளம், நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், 2000 முதல் 20000 ஆங்ஸ்ட்ரம் வரை காற்றிலும் அதற்கு இரு பக்கமும் வெற்றிடத்திலும் தரும். வரிப்பட்டியலைச் சேமிக்கும்போதே காற்றா வெற்றிடமா என்பதைக் கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள்.

இளநிலை மாணவர்: ஒரு கேலக்ஸியின் நிறமாலையில் 5579 ஆங்ஸ்ட்ரம் அருகே ஊசி போல ஒரு வரி. எந்தத் தனிமத்தினுடையது?

பதில்: ஆக்சிஜன், ஆனால் நம் வளிமண்டலத்து ஆக்சிஜன். இரவு வானம் காற்றில் 5577.3-இல், வெற்றிடக் கணக்கில் 5578.9-இல் ஒளிர்கிறது. வான ஒளியைக் கழித்தபோது மீந்த எச்சம் அது. அந்தப் பிக்சல்களுக்கு எதிரே, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எடை நிரலைப் பாருங்கள், சுழியமாகவோ மிகச் சிறிதாகவோ இருக்கும். சிவப்புக் கோடியில் வளிமண்டலத்து ஹைட்ராக்சில் (OH) வரிகள் கூட்டமாக இதே வேலையைச் செய்யும். ஒற்றை வரியை நம்பிச் செம்பெயர்ச்சி (வரிகள் சிவப்பு பக்கம் நகர்ந்திருக்கும் அளவு) சொல்லக் கூடாது.

பள்ளி இயற்பியல் ஆசிரியர்: இப்போது லட்சக்கணக்கில் விண்மீன் நிறமாலைகள் கிடைக்கின்றன. இத்தனை தரவு இருக்கும்போது ஆய்வகத்தில் விளக்கை வைத்து அளக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்: மிக முக்கியமான எண் ஒன்று மிச்சம் இருக்கிறது. மெல்லிய வரி ஒன்றின் வலிமை இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது: அங்கே எத்தனை அணுக்கள் இருக்கின்றன, ஒவ்வோர் அணுவும் அந்த நிறத்தை எவ்வளவு ஆர்வமாக விழுங்குகிறது. இரண்டாவது எண்ணைத்தான் ஜிஎஃப் மதிப்பு என்கிறோம். விண்மீன் தருவது பெருக்கலை மட்டுமே. ஜிஎஃப் மடக்கையில் 0.1 தவறினால் இரும்பின் அளவு 26 சதவீதம் தவறும். பத்து லட்சம் விண்மீன்களின் சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை குறையாது, ஏனென்றால் எல்லாவற்றிலும் அது ஒரே பக்கம் சாய்கிறது.

அளப்பது இரண்டு கட்டம். முதலில் அணுவை லேசர் துடிப்பால் குறிப்பிட்ட ஒரு மேல்மட்டத்துக்கு ஏற்றி, ஒளிர்வு மங்கும் நேரத்தை அளக்கிறோம். இது சில நானோவினாடிகள். 5 சதவீதத் துல்லியம் சாதாரணமாகக் கிடைக்கும். பழைய அயனிக்கற்றை முறையில் பல மட்டங்கள் ஒன்றாகக் கிளர்ந்து, மேலிருந்து விழுபவை கணக்கைக் கெடுத்தன. லேசர் ஒரு மட்டத்தை மட்டும் தொடுவதால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்து, அதே தனிமத்தால் ஆன குழல் மின்முனை கொண்ட ஹாலோ கேத்தோடு விளக்கை, நிறங்களை மிக நுட்பமாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்ற நிறமாலைமானியில் வைத்து, அந்த மேல்மட்டத்தில் இருந்து வெளிவரும் வரிகள் ஒவ்வொன்றின் பங்கையும் அளக்கிறோம். பங்கை ஆயுட்காலத்தால் வகுத்தால் வினாடிக்கான நிகழ்தகவு.

உதாரணத்துக்கு எண்கள் வைத்துக்கொள்வோம்: ஆயுட்காலம் 10 நானோவினாடி, பங்கு 0.6. நிகழ்தகவு வினாடிக்கு 6 கோடி. அதை மேல்மட்டத்தின் எடை, அதாவது அதில் அடங்கும் நிலைகளின் எண்ணிக்கை (7 என்போம்), ஆங்ஸ்ட்ரமில் அலைநீளத்தின் வர்க்கம் (5000-இன் வர்க்கம்), 1.499 × 10⁻¹⁶ என்ற மாறிலி ஆகியவற்றால் பெருக்கினால் 1.57, மடக்கை 0.20.

கெடுவது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில். ஒரு வரி கருவியின் எல்லைக்கு வெளியே அகச்சிவப்பில் விழுந்தால் பங்குகளின் கூட்டல் பொய்யாகிவிடும். வலிமையான வரிகளை விளக்கின் வாயுவே மறுபடி விழுங்கும். அதனால் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பங்குகள் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விளக்கில் நிரப்பிய ஆர்கானின் வரி ஒன்று மேலே ஏறி உட்கார்ந்தால், விளக்கில் ஆர்கானுக்குப் பதில் நியான் நிரப்பி மீண்டும் எடுக்க வேண்டும். இப்படி வரி வரியாக உழைப்பவர்கள் உலகில் மிகச் சிலரே. விஸ்கான்சின், லண்டன் இம்பீரியல் கல்லூரி, ஸ்வீடனின் லுண்ட் ஆகிய இடங்களின் அளவீடுகள் மேல்தான் சர்வேக்களின் தனிமப் பட்டியல்கள் பெருமளவு நிற்கின்றன. இந்த வேலைக்கு ஒதுக்கப்படும் பணம் அதன் பயனுக்குக் கொஞ்சமும் ஈடாக இல்லை என்பது என் கருத்து.

சில சர்வேக்கள் சூரியனுக்கும் ஆர்க்டியூரஸ் என்ற பிரகாசமான விண்மீனுக்கும் பொருந்தும்படி ஜிஎஃப் மதிப்பைத் திருகிக்கொள்கின்றன. வேலை நடக்கும், ஆனால் அது அளவீடு அல்ல. கணினியில் போடும் விண்மீன் வளிமண்டல மாதிரியின் குறைகளும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும்.

அதே ஆசிரியர்: வகுப்பில் சொல்ல ஓர் உதாரணம் கிடைக்குமா?

பதில்: சூரியனின் ஆக்சிஜன். 6300.30 ஆங்ஸ்ட்ரமில் ஆக்சிஜனின் விலக்கப்பட்ட வரி (மிக அரிதாகவே நிகழும் தாவலின் வரி) இருக்கிறது. அதற்கு 0.04 ஆங்ஸ்ட்ரம் தள்ளி ஒரு நிக்கல் வரி ஒளிந்திருக்கிறது. 2001-இல் அதைக் கணக்கில் சேர்த்தபோது ஆக்சிஜன் குறைந்தது. 2003-இல் அந்த நிக்கல் வரியின் ஜிஎஃப் மடக்கை ஆய்வகத்தில் −2.11 என அளக்கப்பட்டது. ஹைட்ரஜனை 12 என வைக்கும் அளவுகோலில், 1989-இல் 8.93 என்று இருந்த சூரிய ஆக்சிஜன் 2009 தொகுப்பில் 8.69. இந்த இறக்கத்துக்கு முப்பரிமாண வளிமண்டல மாதிரிகளும் காரணம், நிக்கல் மட்டுமல்ல.

நீங்களே இந்த வரியை எடுப்பதாக இருந்தால் கவனம்: இரவு வானமும் இதே 6300.3-இல் ஒளிர்கிறது. விண்மீனின் வேகம் வரியை அதன்மேல் தள்ளும் இரவுகளைத் தவிர்க்க வேண்டும்.

தரவு அறிவியல் படிப்பவர்: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கேலக்ஸிகளில் ஒன்றுக்கு மட்டும் செம்பெயர்ச்சி இல்லை. தரவு தொலைந்ததா?

பதில்: அளக்கவே இல்லை. ஒவ்வொரு இலக்கின் ஒளியையும் நிறமாலைமானிக்குக் கொண்டுபோகும் ஃபைபர்களைத் துளையிட்ட அலுமினியத் தட்டில் கையால் செருகிய காலத்தில், ஃபைபரின் முனைத் தடிமனால் இரண்டை 55 விகலைக்குள் (விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வைக்க முடியவில்லை. ஸ்லோனின் பிந்தைய கட்டமான பாஸ் சர்வேயில் 62. முதல் ஸ்லோன் சர்வேயில் இலக்குகளில் சுமார் 6 சதவீதம் இப்படி விடுபட்டன. விடுபட்டவை கொத்துகளில்தான் அதிகம் என்பதால், கண்டுகொள்ளாமல் விட்டால் சிறு தொலைவுகளில் கொத்துத்தன்மை குறைவாகத் தெரியும்.

முதுகலை வேதியியல் மாணவர்: விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு அவற்றின் ஒளியில் பதிக்கும் அகன்ற இருள் வரிகளான விண்மீனிடைப் பரவல் பட்டைகளில் ஒன்றாவது எந்த மூலக்கூறு என்று உறுதியாகியிருக்கிறதா?

பதில்: ஆகியிருக்கிறது. நேர்மின் கொண்ட ஃபுல்லரின், 60 கார்பன் அணுக்களின் பந்து. இந்தப் பட்டைகளை முதலில் கவனித்தவர் மேரி லீ ஹெகர், லிக் வானாய்வகத்தில், 1922 வாக்கில். இன்று 500-க்கு மேல் தெரியும், ஏறக்குறைய எல்லாமே மூலக்கூறு தெரியாத அனாதை.

1993-இல் இந்த அயனியை உறைந்த நியானுக்குள் வைத்து அளந்தார்கள். உறைபனி அலைநீளத்தைத் தள்ளிவிடும் என்பதால் வாயு நிலையில் எங்கே விழும் என்று சொல்ல முடியவில்லை. அந்த இடத்தின் அருகே 1994-இல் ஃபோயிங்கும் ஏரன்ஃப்ராயிண்டும் 9577, 9632 ஆங்ஸ்ட்ரம் பட்டைகளைக் கண்டார்கள். நெருக்கம் இருந்தது, நிரூபணம் இல்லை. 2015-இல் ஜான் மேயரின் பாஸல் குழு அயனியைப் பொறியில் பிடித்து 5.8 கெல்வினுக்குக் குளிர்வித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹீலியம் அணுவை ஒட்டவைத்தது. லேசரின் நிறம் பொருந்தும்போது அயனி ஒளியை விழுங்கும், ஹீலியம் கழன்று விழும், நிறைமானியில் எண்ணிக்கை குறையும். கிடைத்தவை 9577.5, 9632.7. ஹீலியத்தின் பிடி மிகத் தளர்வானது, அதனால் நியான் பனி அளவுக்கு அலைநீளம் நகரவில்லை.

தரையில் இருந்து சரிபார்ப்பது கடினம். அந்தப் பகுதி முழுக்க நீராவியின் வரிகள், 9632-இன் மேல் விண்மீனின் மக்னீசியம் வரியும் விழுகிறது. ஹபிள் தரவைக் கொண்டு 2019-இல் வலிமை குறைந்த பட்டைகளும் தேடப்பட்டு, முடிவு உறுதியானது.

சர்வேக்கள் வேறு விதத்தில் உதவுகின்றன. அபோஜியின் 15273, கையாவின் 8620 ஆங்ஸ்ட்ரம் பட்டைகளைக் கொண்டு பால்வெளியில் அவற்றின் பரவலை வரைபடமாக்கிவிட்டார்கள். மூலக்கூறின் பெயர் இன்னும் தெரியாது.

கல்லூரி ஆய்வக உதவியாளர்: எங்களிடம் ஒரு சிறிய கிரேட்டிங் (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு) நிறமாலைமானி இருக்கிறது. பாதரச விளக்கை வைத்து அலைநீளம் குறித்தோம். நீலம் சரியாக வருகிறது, சிவப்பில் தப்புகிறது.

பதில்: பாதரசத்தின் பிரகாசமான வரிகள் 5790.7-உடன் முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் உங்கள் வளைகோடு ஊகம்தான். நியான் சேருங்கள்: 5852.5, 6143.1, 6402.2, 7032.4. சுவிட்ச் போர்டின் ஆரஞ்சு நிற நியான் இண்டிகேட்டர் போதும். எல்.ஈ.டி. வகை உதவாது. உள்ளே மின்தடை இருப்பதை உறுதி செய்த பிறகே மின்சாரம் கொடுங்கள். பாதரசத்தில் 4046.6, 4358.3, 5460.7, 5769.6, 5790.7 எடுத்து, மொத்தம் எட்டு ஒன்பது வரிகளுக்கு மூன்றாம் படிக் கோவை பொருத்துங்கள். பிறகு ஒரு வரியை விட்டுவிட்டுப் பொருத்தி, விட்ட வரி சரியான இடத்தில் விழுகிறதா பாருங்கள்.

சோடியம் ஆவி விளக்கை இதற்குச் சேர்க்க வேண்டாம். சூடானதும் இரண்டு வரிகளும் தம்மைத் தாமே விழுங்கி நடுவில் பள்ளமாகும். 8093, 8717 அருகே வரிகள் தெரிந்தால் அவை 4046.6, 4358.3 வரிகளைக் கிரேட்டிங் இரட்டை அலைநீளத்தில் மறுபடி காட்டும் இரண்டாம் வரிசைப் படிமம். பிளவுக்கு முன் ஒரு மஞ்சள் வடிகட்டியை வைத்தால் மறைந்துவிடும்.