மதச் சுதந்திரம் பற்றிய கட்டுரைப் போட்டிக்கு எதை எழுதச் சொல்லலாம்?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் 'மதச் சுதந்திரம்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறாள், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தலைப்பில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்தும் வேலை எனக்கு இரண்டு முறை வாய்த்தது, அதை வைத்துச் சொல்கிறேன்.

'எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன' என்று தொடங்க வேண்டாம். நான் திருத்திய தாள்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்கின. நல்ல வரிதான், ஆனால் அது சமய நல்லிணக்கம் பற்றிய கட்டுரைக்குப் போக வேண்டியது. எல்லோரும் ஒன்றையே நம்பினால் சுதந்திரம் என்ற பேச்சே எழாதே! அடுத்தவர் நம்புவது நமக்குக் கொஞ்சமும் பிடிக்காதபோது அவரை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நானாக இருந்தால் பிஜோ இம்மானுவேல் வழக்கை எடுப்பேன். 1985இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது படித்தவர்கள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் வாய் திறந்து பாட மாட்டார்கள், அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள், சுற்றிலும் எல்லோரும் பாடுகிறார்கள், அது மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் மகளுக்கு 'பாடினால்தான் என்ன?' என்று எரிச்சல் வந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும், அந்த எரிச்சலோடு அவள் மல்லுக்கட்டும் இடத்தில்தான் கட்டுரைக்கு உயிர் வரும்.

சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்துக்கு முன்னால் மனசாட்சியின் சுதந்திரத்தைச் சொல்கிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று வரம்பும் வைக்கிறது, அது ஒரு பத்தி போதும். அப்புறம், 1948இல் வந்த ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்வதும் உரிமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தொடவே பயப்படுகிறார்கள்.

நான் அதிக மதிப்பெண் போட்ட தாளில் மேற்கோள் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டில் எல்லோரும் கண்மூடிக் கும்பிடும்போது தனக்கு மட்டும் கும்பிடத் தோன்றுவதில்லை, கண்ணைத் திறந்தபடி நிற்பதை அம்மா பார்த்துவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். 'ஒன்றும் சொல்லாமல்' என்பதை ஒருமுறை அடித்துவிட்டு, மேலே திரும்ப அதையே எழுதியிருந்தான்.