ஏழு தசமம் காட்டினால் துல்லியம் ஆகிவிடுமா?

பயிர் வரிசைகளுக்குள் சென்சார் கொண்டுபோகும் தள்ளுவண்டி பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை.

கேள்வி: சொந்தமாக வண்டி கட்டப் பழைய சைக்கிள் சக்கரம் போதுமா?

பதில்: தாராளமாக. பெரிய சக்கரம் மண்கட்டி மேல் சுலபமாக ஏறும். மிச்சமாகும் பணத்தைச் சென்சாருக்கு வையுங்கள்.

கேள்வி: ‘1 சென்டிமீட்டர் துல்லியம்’ என்று சொல்லி ஜிபிஎஸ் கருவி விற்றார்கள். வண்டி போன வரிசை ஒன்று, வரைபடம் காட்டும் வரிசை வேறு. கேட்டால், ‘திரையில் ஏழு தசமம் தெரிகிறதே’ என்கிறார்கள். என் தவறா?

பதில்: உங்கள் தவறு துளியும் இல்லை. இந்த ஏழு தசமப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. அட்சரேகையின் ஏழாவது தசமம் தரையில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். ஆனால் எண் நீளமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. சாதாரண ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும். சென்டிமீட்டருக்கு வர ஆர்டிகே வேண்டும். அதாவது, இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் அசையாமல் நிற்கும் இன்னொரு ரிசீவரிடமிருந்து வண்டிக்குத் தொடர்ந்து திருத்தத் தகவல் வர வேண்டும். அதைப் பற்றி விற்றவர்கள் வாயே திறக்கவில்லை என்றால் ஏமாற்றியிருக்கிறார்கள். கருவியை ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பதிவு செய்யுங்கள். புள்ளிகள் சிதறிக் கிடப்பதை விளம்பரத்தோடு இணைத்து, பணத்தை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். விடாதீர்கள்.

அதுவரை வேலை நிற்க வேண்டாம். சக்கரத்தில் சில காந்தம், சட்டத்தில் காந்தம் கடப்பதை உணரும் ஒரு ஹால் சென்சார் வைத்துச் சுற்றுகளை எண்ணினால், வரிசைத் தொடக்கத்திலிருந்து வந்த தூரம் கிடைத்துவிடும். எந்த வரிசை என்பதை நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வாங்கிய வண்டியின் சக்கரம் பயிரை மிதிக்கிறது. அகலம் விளம்பரத்தில் போட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. திருப்பி எடுப்பார்களா?

பதில்: ஏன் எடுக்க வேண்டும்? டேப்பை வைத்து வரிசையை அளக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வெல்டரிடம் கொடுத்து, அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்படி அச்சை மாற்றுங்கள். அப்புறம், பயிர் முழுதாக வளர்ந்தால் அடிச்சட்டத்தில் இடிக்குமா என்பதையாவது இப்போதே பாருங்கள்.

கேள்வி: அல்ட்ராசோனிக் சென்சார் பயிர் உயரத்தைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று காட்டுகிறது. வேறு வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சென்சாரைத் தாங்கும் கை தொய்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பிவிசி குழாய் வாங்கிப் போட்டேன். வெயிலில் வளைந்து ஒரு பருவத்து அளவுகள் அத்தனையும் வீணாயின. இன்றும் மனசு ஆறவில்லை. அலுமினியச் சதுரக் குழாய் போடுங்கள். கை சரி என்றால் காரணம் வெப்பம். இந்தச் சென்சார் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலி 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 35 டிகிரியில் சுமார் 352. ஒரு மீட்டர் தூரத்துக்கே இரண்டரை சென்டிமீட்டர் மாறிவிடும். வெப்பமானி ஒன்று சேர்த்துக் கணக்கைத் திருத்துங்கள். அதற்குப் பிறகும் வெறும் தரையை இரண்டு வேளை அளந்து எண் ஒத்துவரவில்லையா, மாற்றிவிடுங்கள்.