மறுபடி சேர்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எப்போதாவது மேற்கத்திய ராக் இசை பற்றி எழுதினால் விடாமல் படிப்பவன் நான். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ஜெனிசிஸ், யெஸ், கிங் க்ரிம்சன் எல்லாம் என் அண்ணன் அறிமுகம் செய்தவை. சில வருடங்களுக்கு முன் அவர் தவறிவிட்டார். பழைய பாடகர் பீட்டர் கேப்ரியல் திரும்பி வருவார், பழைய ஐந்து பேரும் சேர்ந்து ஜெனிசிஸ் பெயரில் ஒரு புது ஆல்பம் போடுவார்கள் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பணத்துக்கும் குறைவில்லை. ஏன் சேரக்கூடாது? ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை என்கிறார்கள். டிரம்ஸுக்கு யாராவது ஒரு பையனைப் போட்டுக்கொள்ளலாமே, அது பெரிய விஷயமா? இத்தனை வருடம் காசு கொடுத்து வாங்கிய ரசிகர்களுக்குக் கேட்க உரிமை இல்லையா? பாடகர் ஜான் ஆண்டர்சன் இல்லாமல் யெஸ் ஆல்பம் போட்டுக்கொண்டே இருப்பது மட்டும் நியாயமா? பழைய குரலைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவரலாம் என்கிறார்களே, அது சரியா? ரசிகர்கள் கையெழுத்திடும் மனு ஒன்றின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணனைப் பற்றி எழுதியிருந்ததை மறுபடியும் படித்தேன். ஒரு இசையை நமக்கு முதலில் கொடுத்தவரின் முகம் அந்த இசையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அவர் போனபிறகு அந்தப் பாட்டைக் கேட்பது லேசில்லை. ஆகவே பதமாகத்தான் பதில் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் 'யாராவது ஒரு பையனைப் போட்டுக்கொள்ளலாமே' என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. டிரம்மரை இழந்த ரஷ் குழு திரும்ப மேடையேறப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்த நாளிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் குரல்: வேண்டாம். மனு: கையெழுத்துப் போடவில்லை. யெஸ்: அவர்களுக்குப் பெயரும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, போடுகிறார்கள். பிடிக்காவிட்டால் கேட்காதீர்கள். எல்லாரும் சேர்ந்தால் என்ன வரும் என்பதற்கு அவர்களே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். 1991இல் இரண்டாகப் பிரிந்து கிடந்த யெஸ்ஸை ஒட்டவைத்து 'யூனியன்' என்று ஓர் ஆல்பம் வந்தது. மேடையில் எட்டுப் பேர், அதில் டிரம்மர் இரண்டு பேர். ஆல்பத்திலோ பல இடங்களில் வெளியாட்களை வைத்து வாசித்து நிரப்பியிருந்தார்கள். அவர்களின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அதற்கு 'ஆனியன்' என்று பெயர் வைத்தார், கேட்டால் கண்ணீர் வருகிறதாம்.

இப்போது உங்கள் பையனுக்கு வருகிறேன்.

1975இல் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டுப் போனார். நரித்தலையும் மனைவியின் சிவப்பு கவுனும் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தவர், குழுவின் முகமே அவர்தான். ஜெனிசிஸ் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். நூற்றுக்கணக்கில் பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த காலின்ஸையே பாடவைத்தார்கள். குழு சாகவில்லை. இருபது வருடம் முன்பைவிடப் பெரிதாக நடந்தது.

1996இல் காலின்ஸ் போனார். குழுவில் மிஞ்சிய கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸும் கிதார் வாசிக்கும் ரதர்ஃபோர்டும் ரே வில்சன் என்ற பாடகரை அழைத்து வந்தார்கள். 1997இல் ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் டிக்கெட் விற்காமல் சுற்றுப்பயணமே ரத்தானது. இன்றுவரை ரசிகர்கள் பாவம் அந்த வில்சனைத்தான் திட்டுகிறார்கள். நல்ல பாடகர் அவர். அந்த வருடம் குழுவில் இல்லாமல் போனது பாடகர் மட்டும்தானா? டிரம்மரும்தானே போனார்? அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்கள் கூலிக்கு வந்த இரண்டு பேர், இருவருமே கெட்டிக்காரர்கள். உங்கள் திட்டம் இருக்கிறதே, 'யாராவது ஒரு பையன்', அதை அவர்கள் 1997லேயே செய்து பார்த்துவிட்டார்கள். பாடகர் போனபோது தாங்கிய குழு டிரம்மர் போனபோது தாங்கவில்லை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இந்த வகை இசையில் டிரம்மர் என்பவர் தாளம் போடுகிறவர் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 1972இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் கடைசியில் வரும் 'சப்பர்ஸ் ரெடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று நிமிடம். அதன் பிற்பகுதியில் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு பகுதி வரும். நம் கணக்கில் சங்கீர்ணம். நாம் நாலும் ஐந்துமாகப் பிரிப்போம், அவர்கள் மூன்று, இரண்டு, நாலு என்று பிரிக்கிறார்கள். கேப்ரியல் இல்லாத நேரத்தில் பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் காலின்ஸும் வாசித்துப் பார்த்து உருவாக்கிய இடம் அது. ரதர்ஃபோர்டும் காலின்ஸும் ஒன்பதைப் பிடித்துக்கொள்ள, பேங்க்ஸ் தன் ஆர்கனை அதைக் கண்டுகொள்ளாததுபோல மேலே ஓட்டுகிறார். முடிந்தபிறகு கேப்ரியல் வந்து, வாத்தியம் மட்டும் இருக்கட்டும் என்று பேங்க்ஸ் நினைத்திருந்த இடத்தின்மேல் பாடிவிட்டார். பேங்க்ஸுக்கு முதலில் எரிச்சல். அப்புறம் அவரே அதை வியந்து பேசியிருக்கிறார். அந்த எரிச்சலோடு சேர்ந்துதான் பாட்டு.

இந்தப் பாட்டு எங்கள் விடுதிக்கு வந்தது ஒரு சி-60 கேசட்டின் மிச்சத்தில். முன்னால் வேறு யாருடைய பாட்டுகளோ, அப்புறம் இது. ஒன்பது கணக்கு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். அதுதான் முடிவு என்றே ரொம்ப நாள் எங்களுக்கு நினைப்பு. டிரம்மர் தப்பு செய்கிறார், இடறுகிறார் என்றும் நினைத்தோம். அடுத்த அறையில் சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்ட ஒருவன் இருந்தான். இங்கிலீஷ் பாட்டே கேட்கமாட்டான். சோப்புப் பெட்டியோடு குளிக்கப் போகிறவன் வாசலில் நின்று, 'ஒன்பதுடா, தப்பில்ல' என்றான். அப்புறம் என் இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அதை அடித்துக் காட்டினான். காலின்ஸ் ஒரே ஒன்பதை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுகிறார், ஆர்கன் எங்கே ஓடினாலும் இழுத்துக் கொண்டுவந்து சேர்க்கிறார் என்று விளக்கினான். அன்றிலிருந்து நான் எந்தக் குழுவையும் டிரம்ஸ் பக்கமிருந்துதான் கேட்கிறேன்.

பல வருடம் கழித்து விடுதிக்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூடினோம். அவனும் வந்திருந்தான். வாசி வாசி என்று எல்லாரும் பிய்த்தெடுத்தார்கள். எங்கிருந்தோ ஒரு மிருதங்கத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 'கை இப்ப வராதுடா' என்றான். ஒருத்தன் கோபித்துக்கொண்டான், இவ்வளவு தூரம் வந்து இதுகூடச் செய்யமாட்டாயா என்று. அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டான். உங்கள் கடிதத்தில் 'உரிமை' என்ற சொல்லைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டவனின் முகம்தான் ஞாபகம் வந்தது.

காலின்ஸின் கை என்ன ஆனது என்று நீங்கள் விசாரித்ததுண்டா? 2007இல் மூவராகச் சுற்றுப்பயணம் போனபோது கழுத்தில் முதுகெலும்பு பிசகியது. 2009இல் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் விரல் குச்சியைப் பிடிக்கவில்லை. 2010இல் வந்த ஆல்பத்துக்குக் குச்சியைக் கையோடு டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசித்தார். எந்த வேகத்தில், எந்தக் கணக்கில் வாசித்த கை அது! பாடகருக்கு வயதானால் சுருதியை இறக்கிக்கொள்ளலாம், ஜெனிசிஸும் இறக்கித்தான் பாடினார்கள். ஒன்பது கணக்கை எதில் இறக்குவது?

கடைசிச் சுற்றுப்பயணத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட, மகன் நிக் டிரம்ஸ் வாசித்தார். அது முடிந்தது 2022 மார்ச் 26, லண்டனில். கேப்ரியல் பார்வையாளராக வந்திருந்தார். 'அதோ பையன் வாசித்தானே' என்பீர்கள். வாசித்தார், அற்புதமாக. அப்பா உண்டாக்கி வைத்ததை வாசித்தார். புது ஆல்பம் என்றால் வெறும் அறையில் நாலு பெரியவர்களோடு உட்கார்ந்து, 'இந்த இடம் சரியில்லை, வேறு மாதிரி போவோம்' என்று டோனி பேங்க்ஸிடம் சொல்லவேண்டும். காலின்ஸ் சொல்வார். அவர் மகன் வயதில் யார் சொல்வார்கள்?

அண்ணன் காத்திருந்தது ஒருவகையில் நடந்தும்விட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1999இல் ஐந்து பேரும் சேர்ந்து 'கார்ப்பெட் க்ராலர்ஸ்' பாட்டை ட்ரெவர் ஹார்ன் தயாரிப்பில் மறுபதிவு செய்தார்கள். ஒரு பழைய தொகுப்புக்காக ஆரம்பித்து, நேரத்துக்கு முடியாமல் இழுத்து, கடைசியில் ஒரு ஹிட் தொகுப்பில் சேர்ந்தது. அவரவர் பங்கை அவரவர் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பினார்கள். கேட்டுப் பாருங்கள், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மறுபடி கேட்கவேண்டும் என்றும் தோன்றாது.

பணக்காரர்கள், சோம்பல்படுகிறார்கள் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். எமர்சன் லேக் அண்ட் பாமர் 2010இல் லண்டனில் ஒரே ஒரு கச்சேரிக்காகச் சேர்ந்தார்கள். அதில் கீபோர்டு வாசித்த கீத் எமர்சனின் வலதுகையில் ஏற்கனவே நரம்புக் கோளாறு. 2016 மார்ச்சில், ஜப்பான் கச்சேரிகளுக்கு முன்னால், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பழைய மாதிரி வாசிக்க முடியாமல் ரசிகர்களை ஏமாற்றிவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தார் என்றும், இணையத்தில் எழுதப்பட்டவற்றைப் படித்துப் புண்பட்டார் என்றும் அவருடைய துணைவி பேட்டியில் சொன்னார். நாம் வாங்கியது ஆல்பம். அதற்கு உண்டான காசு கொடுத்தோம், கணக்கு தீர்ந்தது.

சரி, யாருமே சேரக்கூடாது என்கிறேனா? இல்லை. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழு, 1978இல் கலைந்தவர்கள். 2003 கடைசியில் அவர்களின் பாடகர் பீட்டர் ஹாமிலுக்கு மாரடைப்பு வந்து பிழைத்தார். 2005இல் பழைய நால்வரும் இரண்டு தட்டு ஆல்பம் ஒன்றோடு வந்தார்கள். இரண்டாவது தட்டு முழுக்க அந்தந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தது. டிரம்ஸில் அதே கை எவன்ஸ் (அது அவர் பெயர், நான் சிலேடை செய்யவில்லை). 1981இல் கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் திரும்பக் கூட்டிய கிங் க்ரிம்சனிலும் பழைய ஆள் என்று கூட இருந்தவர் டிரம்மர் பில் ப்ரூஃபோர்ட் மட்டுமே. மற்ற இருவரும் அமெரிக்கர்கள், புதியவர்கள். ப்ரூஃபோர்டிடம் சிம்பலைக் குறைக்கச் சொன்னார் ஃப்ரிப். அவரும் முனகிக்கொண்டே மின் டிரம்ஸைச் சேர்த்துக்கொண்டு முற்றிலும் வேறு ஆளாக வாசித்தார். பழைய பாட்டின் நிழலே அந்த ஆல்பத்தில் இல்லை. பெயரைக்கூட முதலில் வேறாகத்தான் வைத்திருந்தார்கள்.

இனி ரஷ். 1974இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் ஜான் ரட்ஸி. அந்த வருடமே அவர் போய் நீல் பியர்ட் வந்தார். மற்ற இருவரும் அதே ஆட்கள், அதே குரல், அதே கிதார். 1975இல் வந்த அடுத்த ஆல்பத்தைப் போடுங்கள், அது வேறு குழு. இதை உங்கள் மனுக்காரர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். பியர்ட் பாட்டு வரிகளையும் எழுதினார் என்பது உண்மை, ஆனால் வரி வருவதற்கு முன்பே வித்தியாசம் தெரியும். உச்சத்தில் இருந்தபோது, நாற்பதைத் தாண்டியபிறகு, ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டவர். மகளையும் மனைவியையும் அடுத்தடுத்த வருடங்களில் இழந்தார். அவர் திரும்பி வரும்வரை மற்ற இருவரும் வேறு ஆள் தேடவே இல்லை. தோளும் காலும் ஒத்துழைக்காமல் 2015இல் நிறுத்திக்கொண்டார். 2020 ஜனவரியில் இறந்தார்.

இப்போது அந்த இருவர், கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும், ஜெர்மனியைச் சேர்ந்த டிரம்மர் அனிகா நில்லெஸை அழைத்திருக்கிறார்கள். கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு வாசித்தவர், தனக்கென்று இசை எழுதுகிறவர், யாராவது ஒரு பெண் இல்லை. பியர்டின் ஒவ்வொரு உருட்டையும் அப்படியே வாசிக்கிறாரா என்று ரசிகர்கள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அது தலையெழுத்து. நான் எதிர்பார்ப்பது வேறு. மேடையெல்லாம் முடிந்தபிறகு மூவரும் ஓர் அறைக்குள் போய், அந்தப் பெண் 'இது சரியில்லை' என்று அவர்களிடம் சொல்லி, ஒரு புது ஆல்பம் வந்தால் முதல் நாளே வாங்குவேன். ரஷ் என்று பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

அன்புடன்.