வீசியெறியும் ரத்தம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 31. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதம் மூன்று நாள் வலியில் சுருண்டு கிடப்பேன். “கல்யாணமானா சரியாயிடும்” என்றார்கள். ஆனது, சரியாகவில்லை. ஐந்து வருடமாகக் குழந்தையும் இல்லை. போன மாதம், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபியில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. அடினோமயோசிஸும் இருக்கிறதாம். “எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே” என்கிறார் மாமியார். செல்களை வைத்து ஏதோ ஆராய்ச்சி நடக்கிறதாமே, அதில் எனக்கு ஏதாவது உண்டா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. நாளைக்கே மாத்திரையாக வந்துவிடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருப்பையின் உள்வரி போன்ற திசு சினைப்பையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்தால் அடினோமயோசிஸ். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பல்க்கி யூட்ரஸ்’ என்று போட்டிருப்பார்களே, பல சமயம் அது இதுதான். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாருக்கும் வருவதில்லை.

மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய் அங்கே வேர்பிடிக்கிறது என்று 1927இல் எழுதினார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கும் அப்படிப் போகிறது. சிலருக்கு மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது? எலியை வைத்துப் பார்ப்பதும் கடினம்: ஆய்வகத்து எலிக்கு மாதவிலக்கே கிடையாது.

நியூயார்க்கின் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டின் மெட்ஸும் பீட்டர் கிரெகர்சனும் அந்த ரத்தத்தையே கேட்டு வாங்கினார்கள். பெண்கள் வீட்டிலேயே மாதவிலக்குக் கப்பில் சேகரித்து அனுப்புகிறார்கள். நாம் தீட்டு என்று யார் கண்ணிலும் படாமல் எறியும் அந்த ரத்தத்துக்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன! கருவை ஏற்கத் தயாராகும்போது, கதிர்போல் ஒல்லியாக நீண்டிருக்கும் உள்வரிச் செல்கள் உருண்டு பருக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் செல்கள் ஆய்வகத் தட்டில் தூண்டுதல் கொடுத்தாலும் அந்த அளவுக்கு மாறவில்லை. கரு தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றைத் துளைக்காமல் அந்த ரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் தேடல். அது கைகூடினால் உங்களைப்போல் யாரும் பதினைந்து, பதினாறு வருடம் காத்திருக்க வேண்டாம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிண்டா கிரிஃபித் என்ற பேராசிரியர், தானே இந்த நோயால் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2009இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார். நோயாளிகள் தந்த திசுவிலிருந்து சுரப்பிச் செல்களைப் பிரித்து ஜெல்லில் வளர்க்கிறார்கள். அவை மணிமணியாக, உள்ளே வெற்றிடத்தோடு குட்டிச் சுரப்பிகளாகத் திரள்கின்றன. மருந்தை முதலில் அவற்றிடம் சோதிக்கலாம். வலியை அனுபவித்தவரே கேள்வி கேட்கும்போது ஆராய்ச்சியின் திசையே மாறுகிறது என்று நான் நம்புகிறேன்.

மாமியாரிடம் லேப்ராஸ்கோபி படங்களைக் காட்டுங்கள். இந்த நோய் இருந்தும் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் நிறையப் பேர், சிலருக்கு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) தேவைப்படும். இன்னொன்று: இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. செய்யவில்லை என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.