பதில்: 80 வீட்டுக் குடியிருப்புக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

வணக்கம். அரை ஏக்கர் பொது இடம் இருக்கிறது, ஒரு நிறுவனம் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி 15 ஆண்டு நடத்தித் தருகிறேன் என்கிறது, ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு இடம் இருக்கும்போது காற்றடித்து நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவைச் சிதைக்கும் பிளான்ட் பக்கமே போகாதீர்கள். அதில் காற்று ஊதும் ப்ளோயர் இரவு பகலாக ஓடணும். கரண்ட் பில்லுக்குப் பயந்து யாராவது நிறுத்திவைப்பார்கள், நுண்ணுயிர்கள் செத்து நாறும். கழிவுநீரை உருவாகும் இடத்திலேயே எளிதாகச் சுத்தம் செய்யும் டிவாட்ஸ் முறையைப் பாருங்கள்: படிவுத் தொட்டி, தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லாத் தொட்டி, கடைசியில் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. நிலம் சரிவாக இருந்தால் மோட்டாரே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேறு அள்ள வேண்டும், அதற்கு இப்போதே மாதாமாதம் ஒதுக்குங்கள்.

அப்புறம், தனியார் என்பதற்காகவே பயப்பட வேண்டாம். சென்னையை ஒட்டி இருந்த ஆலந்தூர் நகராட்சி 1990களின் இறுதியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார்தான் கட்டி நடத்தினார்கள். கட்டணத்தை முடிவு செய்தது நகராட்சி.

உங்கள் ஒப்பந்தத்தில் 'குறைந்தபட்ச அளவுக்குப் பணம்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பாதி வீடு பூட்டிக் கிடந்தாலும் முழுத் தொகை கட்ட வைப்பது அதுதான். வெளியேறும் நீரில் பிஓடி (மிச்சமிருக்கும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு) வரம்பை மீறினால் பணம் பிடிக்கலாம் என்றும் எழுதி வாங்குங்கள். சோதனை நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தில், அவர்கள் செலவில்.