கச்சானும் கத்தரிக்காயும் விடத்தான் வேணுமோ?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு. போன மாசம் இடப்பக்க அடிவயித்தில நோவும் காய்ச்சலும் வந்து ஸ்கான் எடுக்க டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில இருக்கிற சின்னப் பையள் வீங்கி அழற்சியாகிற வருத்தம்) எண்டிச்சினம். இப்ப நோ இல்லை. கச்சான், எள்ளு, கத்தரிக்காய் விதை ஒண்டும் குடுக்காதேங்கோ எண்டு சொந்தக்காரர் சொல்லுகினம், அவவும் பயத்தில கஞ்சியோடயே இருக்கிறா.
- வாசகி, சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தப் பயத்தை விடச் சொல்லுங்கோ. விதை போய் குடல்ல இருக்கிற சின்னப் பையுக்க அடைச்சுப்போடும் எண்டு முந்தி டொக்டர்மாரே சொன்னவை, ஆனா 2008இல வந்த பெரிய ஆய்வில கச்சான் மாதிரிக் கொட்டையள் சாப்பிட்ட ஆக்களுக்கு இந்த வருத்தம் கூடேல்லை எண்டு தெரிஞ்சுது.

கஞ்சி, நார் குறைஞ்ச சாப்பாடு எல்லாம் நோ இருக்கிற அந்தக் கொஞ்ச நாளைக்குத்தான். நோ போனாப்பிறகும் அதோடயே இருந்தா மலச்சிக்கல்தான் வரும். இனி நாரைக் கூட்டோணும், ஆனா ஒரே நாளில இல்லை, திடீரெண்டு கூட்டினா வயிறு ஊதும். முதல்ல நல்லா அவிச்ச பூசணி, கரட், பேந்து முருங்கையிலை, வல்லாரை, பயறு, குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு எண்டு ஒரு ரெண்டு மூண்டு கிழமையில மெல்ல மெல்லக் கொண்டு வாங்கோ, நாளுக்கு 25 - 30 கிராம் நார் போதும். தண்ணி கட்டாயம் கூடக் குடிக்கோணும். ஆட்டிறைச்சியைக் குறையுங்கோ. மூட்டு நோவுக்கு இபுபுரூஃபன் போடுறவ எண்டா டொக்டரிட்டச் சொல்லுங்கோ, அதுவும் இந்த வருத்தத்துக்குக் கூடாது.

திரும்பக் காய்ச்சல், சத்தி, மலத்தில ரத்தம், வயிறு கல்லு மாதிரி இறுகிறது எண்டா சாப்பாட்டில வைத்தியம் பாக்காம உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. கொலோனோஸ்கோப்பி (கமரா வைச்ச குழாயால பெருங்குடலைப் பாக்கிற சோதனை) செய்யோணுமோ எண்டும் அடுத்த கிளினிக்கில கேளுங்கோ, வழமையா 6 - 8 கிழமை கழிச்சுத்தான் செய்யிறவை.