ஏழாம் வருடக் கடன்

கேள்வி: ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடன்களை ரத்து செய்யச் சொல்கிறதே யூத வேதம், அதனால் ஏழைக்கு நன்மை கிடைத்ததா?

பதில்: நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஏழாம் வருடம் நெருங்க நெருங்க, பணம் உள்ளவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். அப்படிச் செய்யாதே என்று அந்த வேதத்தின் உபாகமம் என்ற நூலின் 15-ஆம் அதிகாரமே எச்சரித்தும் பலனில்லை. அவசரத்துக்குப் பணம் புரட்ட முடியாமல் தவித்தது ஏழைதான்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஹில்லேல் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். அதன் பெயர் புரோஸ்புல். கடன் கொடுத்தவர் தன் பாக்கிகளை நீதிபதிகளிடம் ஒப்படைப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஏழாம் வருடம் வந்தாலும் அவற்றை வசூலிக்கலாம். கடன் வாங்கியவருக்குத் துளி நிலமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இல்லாவிட்டால் கொடுத்தவரே தன் நிலத்தில் கொஞ்சம் தரலாம். ஒரு முட்டைக்கோஸ் தண்டு அளவு இடம் போதும் என்கிறது யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூல்!

பாபிலோனிய அறிஞர் சாமுவேலுக்கு இது பிடிக்கவில்லை. அதிகாரம் கிடைத்தால் ஒழித்துவிடுவேன் என்றார். வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்த நான் ஹில்லேல் பக்கம்தான். கடனே கிடைக்காதவருக்குத் தள்ளுபடியால் என்ன லாபம்?

சரி, புரோஸ்புல் எழுதாத கடன்? அது ரத்துதான். கடனாளி திருப்பித் தர வந்தால், கொடுத்தவர் 'விட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். 'பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்' என்று கடனாளி மீண்டும் நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.